ஜூனில் பூ, டிசம்பரில் மசாலா: டென்மார்க் பானங்களை வீட்டில் செய்ய ஒரு வழிகாட்டி

டென்மார்க்கில் புதிதாகக் குடியேறியவர் சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பியர் டப்பாக்களும் கோலா பாட்டில்களும்தான். ஆனால் டேனிஷ் வீடுகளில் விருந்தாளிக்குப் பெருமையோடு ஊற்றித் தருவது பெரும்பாலும் அந்த அலமாரியில் இருக்காது. ஜூனில் பறித்த பூவின் சாறு, கோடை முழுக்க இலையும் காயும் ஊறிய சாராயம், டிசம்பரில் மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின் என்று அவை வீட்டிலேயே உருவாகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் உண்டு. பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் இங்கே எல்லாம் மாத வரிசையிலேயே வருகிறது.

முதலில் அளவுகள். டேனிஷ் சமையல் குறிப்புகள் டெசிலிட்டரில் பேசும்: 1 டெசிலிட்டர் என்றால் 100 மில்லி. ஒரு டெசிலிட்டர் சர்க்கரை ஏறத்தாழ 85 கிராம் எடை இருக்கும். 100 கிராம் என்று நினைத்துப் போட்டால் தித்திப்பு எகிறிவிடும். மது சென்டிலிட்டரில் ஊற்றப்படும். 2 சென்டிலிட்டர் என்பது 20 மில்லி. சமையலறைத் தராசும் நூறு டிகிரிவரை காட்டும் வெப்பமானியும் இருந்தால் கீழே உள்ள எதுவும் தவறாது.

ஜூன்: ஹுல்லபுளொம்ஸ்ட் சாறு

ஹுல் என்பது ஆங்கிலத்தில் எல்டர் எனப்படும் குறுமரம். டென்மார்க்கில் வேலியோரம், ரயில் பாதையோரம், பண்ணை மூலை என எங்கும் தானாக வளர்ந்து நிற்கும். அதில் ஹுல்லமோர் என்ற தாய் குடியிருக்கிறாள், அவளிடம் கேட்காமல் கிளையை ஒடிக்கக்கூடாது என்பது பழைய நாட்டு நம்பிக்கை. மே கடைசியில் மொட்டு விட்டு, ஜூன் முழுவதும் பூத்து, ஜூலை தொடக்கத்தில் முடிந்துவிடும்.

மரத்தைச் சரியாக அடையாளம் காண்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வெள்ளைப் பூக்குடை விரிக்கும் செடிகள் அந்த மாதத்தில் பல உண்டு, அவற்றில் சில கொடிய நஞ்சு. மூன்றைப் பாருங்கள். தண்டு மரமாக இருக்க வேண்டும், முதிர்ந்த பட்டை தக்கைபோல் வெடித்திருக்கும். பச்சைத் தண்டில், அதிலும் ஊதாப் புள்ளி போட்ட தண்டில் வெள்ளைக்குடை இருந்தால் அது ஹெம்லாக் ஆக இருக்கலாம், தொடவே வேண்டாம். இலைகள் எதிரெதிராக அமைந்து, ஒவ்வொன்றிலும் 5 அல்லது 7 சிற்றிலைகள் இருக்கும். ரோவன் மரத்தின் இலையில் 11 முதல் 15 வரை. பூ ஒவ்வொன்றும் பாலேட்டு நிறத்தில் ஐந்து இதழோடு, மஞ்சள் மகரந்தப் பொடி தாங்கி நிற்கும். முகர்ந்தால் பழவாசனையோடு லேசான இனிப்பு வரும்.

மழை நின்று ஒரு நாளாவது வெயில் அடித்த பிறகு, காலைப் பனி உலர்ந்ததும் பறியுங்கள். மணமும் சுவையும் பெரும்பாலும் அந்த மஞ்சள் மகரந்தத்தில் இருக்கின்றன. மழை அதைக் கழுவிவிடும். இதே காரணத்தால் வீட்டுக்கு வந்தும் பூவைக் கழுவக்கூடாது. வெள்ளைத் துணியில் பரப்பி அரை மணி நேரம் விட்டால் பூச்சிகள் தாமாக வெளியேறும். முக்கால்வாசி மலர்ந்து, ஒன்றிரண்டு மொட்டு மீதமுள்ள குலைதான் சிறந்தது. இதழ் பழுப்பாகத் தொடங்கிய குலையைச் சேர்த்தால் சாறு முழுவதும் பூனைச் சிறுநீர் நாற்றம் ஏறும், அதை எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது. வாகனங்கள் ஓடும் சாலையோரப் பூ வேண்டாம். புதருக்குள் நுழைந்து வந்தவர்கள் அன்றிரவே முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தேவையானவை: பூக்குலை 40, தண்ணீர் ஒன்றரை லிட்டர், சர்க்கரை ஒன்றரை கிலோ, எலுமிச்சை 3, சிட்ரிக் அமிலம் 40 கிராம். சிட்ரிக் அமிலம் என்பது நம்மூர்க் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பதுதான். டென்மார்க்கில் ‘சிட்ரோன்சூர’ என்று கேட்டால் பேக்கிங் சாமான் வரிசையில் காட்டுவார்கள். எலுமிச்சையைத் தோலோடு போடுவதால் மெழுகு பூசாத, இயற்கை விவசாயத்துக்கான சிவப்பு ‘ஓ’ முத்திரை உள்ள பழமாக வாங்குங்கள்.

1. கத்தரியால் பூக்களைத் தடித்த காம்பிலிருந்து நறுக்கி எடுங்கள். மெல்லிய நரம்புக் காம்பு ஒட்டியிருந்தால் பரவாயில்லை. தடித்த பச்சைக் காம்பும் இலையும் கசக்கும். அவற்றில் வயிற்றைக் கெடுக்கும் நச்சுப்பொருளும் உண்டு.
2. எலுமிச்சையை மெல்லிய வட்டங்களாக அரிந்து, பூவோடு மாற்றி மாற்றி ஒரு பெரிய பாத்திரத்தில் அடுக்குங்கள். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் மட்டும்; அமிலம் அலுமினியத்தை அரிக்கும்.
3. தண்ணீரையும் சர்க்கரையையும் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள். உடனே பூவின்மேல் ஊற்றுங்கள்.
4. ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து பூக்களை நீருக்குள் அமுக்கி, மூடி, குளிர்ந்த இடத்தில் மூன்று முதல் ஐந்து நாள் வையுங்கள். தினம் ஒருமுறை சுத்தமான கரண்டியால் கிளறுங்கள்.
5. வெந்நீரில் கொதிக்கவைத்த துணியில் வடிகட்டுங்கள். பிழிந்தால் கலங்கும், அதனால் தானாகச் சொட்டட்டும்.
6. சாறை 80 டிகிரிக்குச் சூடாக்கி, வெந்நீரில் கழுவிய சூடான பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். இரண்டேகால் லிட்டர் தேறும்.

மூன்றாவது படியில் சர்க்கரைப் பாகை ஆறவிட்டு ஊற்றுபவர்களும் உண்டு. மணம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பூவில் காட்டு ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் அதில் பெரும்பகுதி சாகும். முதல்முறை செய்பவர் கொதிநீர் முறையையே பின்பற்றுவது நல்லது. உடல்நலத்தை எண்ணிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைப்பது இன்னொரு வழக்கமான தவறு. சர்க்கரை இங்கே சுவைக்கு மட்டுமல்ல, கெடாமல் காப்பதற்கும்தான். குறைத்தால் சில வாரத்தில் பாட்டிலுக்குள் குமிழி கிளம்பும், இறுக மூடிய கண்ணாடி வெடிக்கவும் செய்யும். குறைத்தே ஆகவேண்டும் என்றால் பிளாஸ்டிக் பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு உறையவைத்துவிடுங்கள்.

குடிக்கும்போது ஒரு பங்கு சாறுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர். சோடாவில் கலந்தால் இன்னும் நன்றாக இருக்கும். ‘டான்ஸ்க்வன்’ என்று பாட்டிலில் எழுதியிருப்பதுதான் சோடா. பெயரைப் பார்த்து வெறும் குடிநீர் என்று வாங்கி ஏமாறாதீர்கள், வெறும் குடிநீருக்குப் பெயர் ‘கில்டவன்’. குழாய்த் தண்ணீரே அங்கே நன்றாகக் குடிக்கலாம்.

ஜூலை: கோல்ஸ்கோல்

பெயருக்குக் குளிர்ந்த கிண்ணம் என்று பொருள். மோர் அடிப்படையிலான இந்தப் பானத்தைச் சிலர் குடிப்பார்கள், பலர் கரண்டியால் உண்பார்கள். வெயில் ஏறிய நாட்களில் இரவு உணவே இதுவாகிவிடும்.

‘கெர்னமெல்க்’ என்பதை மோர் என்று மொழிபெயர்த்தாலும் நம் மோரல்ல அது. தண்ணீர் சேராது, புளிப்பு மென்மை, ஓரளவு கெட்டி. டென்மார்க்குக்கு வெளியே செய்பவர்கள் புளிக்காத கட்டித்தயிரைத் தண்ணீரே விடாமல் கடைந்து பயன்படுத்தலாம்.

நான்கு பேருக்கு: 2 முட்டை மஞ்சள்கரு, 80 கிராம் சர்க்கரை, அரை வெனிலாக் காயின் விதை ஆகியவற்றை வெளிர்மஞ்சள் நுரையாகும்வரை அடியுங்கள். மஞ்சள்கருவைச் சமைக்கப் போவதில்லை என்பதால் பாஸ்டரைஸ் செய்து அட்டைப் பெட்டியில் விற்பதை (சுமார் 40 கிராம்) வாங்குவதே பாதுகாப்பு, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் கட்டாயம். அதில் அரை லிட்டர் கெட்டித் தயிரைக் கலந்து, பிறகு ஒரு லிட்டர் கெர்னமெல்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரு எலுமிச்சையின் துருவிய மஞ்சள் தோலும் சாறும் கடைசியில்தான். முன்னதாகச் சேர்த்தால் திரிந்து மணல்போல் ஆகும். ஒரு மணி நேரமாவது குளிரவையுங்கள். ‘கம்மர்யுங்கர்’ என்ற சின்ன மொறுமொறு பிஸ்கெட்டைக் கையால் நொறுக்கி, உண்ணும் கணத்தில் போட வேண்டும். ஸ்ட்ராபெர்ரியும் சேரலாம். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

கோடை முழுவதும்: ஊறவைத்த ஸ்னாப்ஸ்

ஸ்னாப்ஸ் என்றால் சிறு குவளையில் குடிக்கும் வலுவான மது. கடையில் வாங்கும் புகழ்பெற்ற வகை அக்வவிட். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதன் மணம் முக்கியமாகக் கேரவே விதையிலிருந்தோ டில் விதையிலிருந்தோ வர வேண்டும், மதுவின் அளவு 37.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 1846-இல் ஆல்போர் நகரில் இசிடோர் ஹேனியுஸ் தொடங்கிவைத்த ஆல்போர் டஃபெல் என்ற அக்வவிட் 45 சதவீதம். பெயரில் ஆல்போர் இருந்தாலும் 2015 முதல் அது நார்வேயில் தயாராகிறது.

சமையலுக்கும் பயன்படும் ஒரு செய்தி: கேரவேக்கு டேனிஷில் ‘கொமென்’ என்று பெயர். பார்க்க நம் சீரகம்போலவே இருக்கும். ரசத்துக்கென்று கொமென் வாங்கி வந்து, இது என்ன வாசனை என்று திகைத்தவர்கள் ஏராளம். சீரகம் வேண்டுமானால் ‘ஸ்பிஸ்கொமென்’ என்று கேளுங்கள்.

டேனிஷ்காரர்கள் உண்மையில் பேசிப் பேசி மகிழ்வது தாமே ஊறவைத்த ஸ்னாப்ஸைப் பற்றித்தான். காய்ச்சி வடிப்பது அனுமதியின்றிச் செய்தால் சட்டப்படி குற்றம். வாங்கிய மதுவில் இலை, பூ, காய் ஊறவைப்பதற்குத் தடையில்லை.

முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. எந்த மணமும் இல்லாத 37.5 முதல் 40 சதவீத ஸ்னாப்ஸ் அல்லது வோட்கா எடுங்கள்; டஃபெல் வேண்டாம், ஏற்கெனவே கேரவே வாசனை உள்ளது. உலர்ந்த கண்ணாடி ஜாடியில் செடியைப் பாதிவரை தளர்வாகப் போட்டு, முழுவதும் மூழ்கும்படி மதுவை ஊற்றுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இலை கறுத்துப் போய் மொத்தத்தையும் கெடுக்கும். இருட்டான அலமாரியில் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். குறித்த காலம் வந்ததும் காபி வடிதாளில் வடிகட்டி, தேதியும் செடியின் பெயரும் எழுதி ஒட்டுங்கள். கிடைப்பது ஒரு வலுவான சாரம். அதை அப்படியே குடிப்பதில்லை. ஒரு பங்குக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வெறும் ஸ்னாப்ஸ் சேர்த்து, நாக்குக்கு ஏற்றபடி நிறுத்துங்கள்.

காலக்கெடுதான் செடிக்குச் செடி மாறும்.

‘போர்ஸ’ டென்மார்க்கின் மேற்கு யூலாந்துப் பகுதியின் ஈரமான புதர்வெளிகளில் மணக்க மணக்க வளரும் சிறு புதர். ஹெர்னிங் பக்கம் வாழும் ஈழத் தமிழர்களுக்கு எட்டும் தூரம்தான். ஒவ்வொரு புதரிலும் ஓரிரு நுனி மட்டும் கிள்ளுங்கள். இரண்டாம் நாளிலேயே சுவைத்துப் பார்க்கத் தொடங்க வேண்டும். ஒரு வாரம் தாண்டினால் மருந்துக் கசப்பு. கர்ப்பிணிகள் போர்ஸவைத் தொடவே கூடாது.

‘பெரிகொன்’ மஞ்சள் பூச்செடி. விரியப்போகும் மொட்டைத்தான் எடுக்க வேண்டும். விரலிடையே நசுக்கினால் செந்நீலக் கறை வரும், வராவிட்டால் அது வேறு செடி. ஒன்றிரண்டு வாரத்தில் மது மாணிக்கச் சிவப்பாகும். பார்க்க இவ்வளவு அழகான ஸ்னாப்ஸ் வேறில்லை. ஆனால் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், மனச்சோர்வு மருந்து போன்றவற்றின் செயலை இச்செடி மாற்றிவிடும். மருந்து உட்கொள்ளும் விருந்தாளிக்கு இதை ஊற்றாதீர்கள். ஊற்றுமுன் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

பச்சை வால்நட் ஜூன் கடைசி, ஜூலை நடுவுக்குள் மட்டும். ஊசி குத்தினால் மறுபுறம் வரவேண்டும்; ஓடு கட்டிவிட்டால் பயனில்லை. 700 மில்லிக்கு 6 முதல் 8 காய், நான்காக அரிந்து. கையுறை அவசியம், கறை வாரக்கணக்கில் போகாது. முதலில் பச்சையாகி, பிறகு கறுத்துவிடும். அதுதான் சரியான நிறம். மூன்று மாதத்தில் வடிகட்டி, ஓராண்டாவது தூங்கவிடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தவர்களுக்கு வாய் முழுக்கத் துவர்ப்புதான் மிச்சம்.

‘ஸ்லோன்’ என்ற நீலக்கரும்பழம் அக்டோபர், நவம்பரில். முதல் உறைபனிக்குப் பிறகு பறி என்பார்கள், பனி பழத்தின் செல்களை உடைத்துத் துவர்ப்பைத் தணிக்கிறது. காத்திருக்க முடியாதவர்கள் ஓரிரவு உறைபெட்டியில் வைத்து எடுக்கலாம். 700 மில்லிக்கு 300 மில்லி பழம், இரண்டு மூன்று மாதம். கொட்டையை உடைக்காதீர்கள், உள்ளே சயனைடு தரும் பொருள் இருக்கிறது.

பரிமாறும்போது வெறும் ஸ்னாப்ஸும் டஃபெலும் உறைபெட்டியிலிருந்து நேராக வரும். ஊறவைத்தவற்றை அறை வெப்பத்தில் கொடுங்கள். குளிர் மணத்தை அமுக்கும். 2 சென்டிலிட்டர் குவளை, கம்பு ரொட்டிமேல் ஊறுகாய் ஹெரிங் மீன், பக்கத்தில் பியர். ‘ஸ்கோல்’ என்று சொல்லிக் குவளையை உயர்த்தி, எதிரிலிருப்பவர் கண்ணைப் பார்த்து, குடித்து, மறுபடி கண்ணைப் பார்த்த பிறகே குவளையைக் கீழே வைப்பார்கள். மது அருந்தாதவர் சாறுக் குவளையை உயர்த்தினாலும் அதே மரியாதைதான், கண்ணைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செப்டம்பர்: ஆப்பிளும் கறுப்புப் பழமும்

ஜூனில் பறிக்காமல் விட்ட ஹுல் பூக்கள் இப்போது கறுப்புப் பழமாகத் தொங்கும். பச்சையாகத் தின்றால் வாந்தி வரும், சமைத்தே ஆகவேண்டும். காம்பிலிருந்து முள்கரண்டியால் உருவிய ஒரு கிலோ பழத்தை அரை லிட்டர் நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, லிட்டருக்கு 350 கிராம் சர்க்கரை சேர்த்து மறுபடி கொதிக்கவைத்துப் பாட்டிலில் அடையுங்கள். குளிர்காலத்தில் வெந்நீர் கலந்து சூடாகக் குடிக்கவும், கீழே டிசம்பரில் வரும் க்ளொக் என்ற மசாலா ஒயினின் மது இல்லாத வகைக்கும் இது வேண்டும். ஆப்பிள் சாறு, அதாவது ‘எப்லமொஸ்ட்’, வாங்கினால் போதும். இங்ரிட் மரி வகை ஆப்பிளின் சாறில் புளிப்பும் இனிப்பும் ஒத்துப்போகும்.

நவம்பர்: வாங்கிக் குடிப்பவை

நவம்பர் முதல் வெள்ளி இரவு 8:59 மணிக்கு டூபோர்க் நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் பியர் வெளியாகும். நகரங்களில் திருவிழாக் கூட்டம். சாதாரண பில்ஸ்னர் 4.6 சதவீதம், இது 5.6. இன்னொரு புகழ்பெற்ற பியர் நிறுவனமான கார்ல்ஸ்பெர்க்கை யே. சி. யாகப்சன் 1847-இல் கோபன்ஹேகனையொட்டிய வல்பியில் தொடங்கினார். அங்கேதான் 1883-இல் எமில் கிறிஸ்தியன் ஹன்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். அமில அளவைக் குறிக்கும் பி.எச். அளவுகோலும் 1909-இல் அதே ஆய்வகத்தில் சோரன் சோரன்சன் தந்ததுதான்.

‘வித்தொல்’ என்பது இனிப்பான, மது மிகக் குறைந்த பியர். கிறிஸ்துமஸ் பாற்சோற்றோடு குடிப்பார்கள். குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. அறவே மதுவைத் தவிர்ப்பவர்கள் பாட்டிலில் சதவீதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்மல் டான்ஸ்க் 1964-இல் வந்த 38 சதவீதக் கசப்பு மது. பிறந்தநாள் காலையில் ரொட்டியோடு ஒரு சிறு குவளை நீட்டினால் வியக்க வேண்டாம், வழக்கம் அப்படி.

சுவீடனில் உள்ளதுபோல் அரசு மதுக்கடை கிடையாது, எல்லாம் சூப்பர் மார்க்கெட்டிலேயே. 2025 ஏப்ரல் முதல் 16, 17 வயதினருக்குக் கடையில் 6 சதவீதம்வரை மட்டும். அதற்கு மேலும், மதுவிடுதிகளிலும் 18 நிறைந்திருக்க வேண்டும்.

டிசம்பர்: க்ளொக்

மூன்று கட்டமாகச் செய்ய வேண்டியதை ஒரே மாலையில் முடிக்கப் பார்ப்பதால்தான் பலருடைய க்ளொக் வெறும் சூடான ஒயினாக நின்றுவிடுகிறது.

முதல் கட்டம், முடிந்தால் இரண்டு மூன்று வாரம் முன்பு, குறைந்தது முதல்நாள்: 100 கிராம் உலர்திராட்சையை 150 மில்லி அடர்நிற ரம்மில் ஊறப்போடுங்கள்.

இரண்டாம் கட்டம் முதல்நாள் இரவு. 300 மில்லி தண்ணீரில் 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, பட்டை 2, கிராம்பு 10, லேசாகத் தட்டிய ஏலக்காய் 10, அன்னாசிப்பூ 2, நான்கு மெல்லிய இஞ்சித் துண்டு, ஓர் ஆரஞ்சின் தோல். 15 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, மூடி, விடியும்வரை அப்படியே விட்டு வடிகட்டுங்கள். டேனிஷ் கடைகளில் பெரும்பாலும் காசியா என்ற தடித்த பட்டைதான். இலங்கைக் கறுவா வைத்திருப்பவர்கள் மணம் மென்மை என்பதால் மூன்று போடலாம். பொடித்த மசாலா வேண்டாம், குவளையின் அடியில் சேறுபோல் தங்கும். ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதி ஒட்டினால் கசக்கும்.

மூன்றாம் கட்டம் பரிமாறும் நேரம். 750 மில்லி சிவப்பு ஒயின், வடித்த மசாலா நீர், ரம்மோடு திராட்சை, 50 கிராம் பாதாம். பாதாமைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். இரண்டாகப் பிளந்து போடுங்கள். 70 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள். ஆல்கஹால் 78 டிகிரியில் ஆவியாகி ஓடும். கொதித்த ஒயினில் பழவாசனை போய்ப் புளிப்பும் கசப்பும்தான் நிற்கும். வெப்பமானி இல்லையென்றால் ஆவி பறந்து, விளிம்பில் குமிழி வருமுன் இறக்குங்கள். ஆறு பேருக்குப் போதும். சிறு கரண்டியோடு கொடுங்கள், திராட்சையையும் பாதாமையும் எடுத்துத் தின்பதற்கு. கூடவே ‘எப்லஸ்கீவ’, வடிவத்தில் நம் பணியாரம்தான், குழிக்கல்லும் அப்படியே, அதனால் வீட்டுப் பணியாரக் கல்லிலேயே சுடலாம்.

மது இல்லாத க்ளொக்குக்கு ஒயினை விட்டுவிட்டு, பாதிக்குப் பாதி ஆப்பிள் சாறும் ஹுல்பழச் சாறும் ஊற்றி, சர்க்கரையை 30 கிராமாகக் குறையுங்கள். வெறும் சாறில் ஒயினின் துவர்ப்பு இருக்காது, குடித்தால் சர்பத்போல் தட்டையாகத் தெரியும். ஒரு கோப்பை கடுந்தேயிலைச் சாயமும் பாதி எலுமிச்சையும் சேருங்கள், குறை தீர்ந்துவிடும். திராட்சையை ஆரஞ்சுச் சாறில் ஊறவையுங்கள். பாத்திரமும் அகப்பையும் தனியாக இருக்கட்டும். இரண்டும் ஒரே நிறம் என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் குவளையின் வடிவத்தையும் மாற்றிவிடுங்கள்.

மிஞ்சியதை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். வைக்கும்முன் பாதாமை மட்டும் எடுத்துவிடுங்கள், ஊறி ஊறி ரப்பர்போல் ஆகிவிடும். திராட்சை கிடக்கட்டும், மறுநாள் அது இன்னும் ருசி.